மொய்யும் கையொப்பமும்: நாவலாசிரியர் தம் நூலைத் தாமே விற்ற வரலாறு

ஜூரோங்கில் நம் தாய்மாமன் வசிக்கும் அடுக்குமாடி வீட்டிலே, கட்டிலுக்கடியில், ஆறு அட்டைப் பெட்டிகள் கிடக்கின்றன. அவற்றுள் இருப்பது ஒரே நாவலின் 310 படிகள். எழுதியவர் மாமனேதான். கப்பல் பட்டறையில் இருபத்தெட்டு ஆண்டு உழைத்தவர். இரவு வேலை இல்லாத நாட்களில் எழுதியவர். சீட்டுப் பணத்தை எடுத்துச் சென்னையில் 500 படி அச்சிடுவித்தவர். சிராங்கூன் சாலைக்கருகே ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழாவும் சிறப்பாகவே நடந்தது. மாலைக்குக் குறைவில்லை, பொன்னாடைக்குக் குறைவில்லை, வாழ்த்துரைக்கோ அளவே இல்லை. முதற்படி பெற்ற பிரமுகர் உறையில் 500 வெள்ளி வைத்தார். அன்று மாலை 190 படிகள் போயின. மறுநாள் தொட்டு ஒரு படியும் போகவில்லை.

“தம்பி, வாங்கினவங்க பேரெல்லாம் நோட்டுல இருக்கு. படிச்சவங்க பேரை எந்த நோட்டுல எழுதுறது?” என்று மாமன் நம்மைக் கேட்டார். ஜொகூர்ச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு அக்கேள்வி சுருக்கென்று தைத்தது. தோட்டத்துச் செக்ரோலில் பெயரில்லாதவனுக்குச் சம்பளமில்லை என்பது நமது தொழிலின் முதற் பாடம். அங்ஙனமாயின், படிப்பவன் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாத நாவலுக்கு வாழ்வு ஏது? துவாஸ் பாலத்தைக் கடந்து தோட்டம் திரும்பும்போதெல்லாம் இதையே எண்ணினோம். எண்ணியதன் பயனே இக்கட்டுரை.

நாவலாசிரியர் தம் நூலைத் தாமே அச்சிட்டுத் தாமே விற்பதென்பது நேற்று முளைத்த புதுமையன்று. மின்னூல் வந்தபின் தோன்றியதுமன்று. தமிழ் நாவலின் வரலாற்றிலே பெரும்பகுதி அதுவே. அவ்வரலாறு முழுவதையும் இரண்டு சொற்களில் அடக்கிவிடலாம்: ஒன்று மொய், மற்றொன்று கையொப்பம்.

மொய் இன்னதென்று தோட்டத்தாருக்கும் பட்டணத்தாருக்கும் நாம் விளக்க வேண்டுவதில்லை. கல்யாணத்திலும் காதணி விழாவிலும் எழுதுவது. கொடுத்தவர் கைம்மாறு எதிர்பார்ப்பார். வாங்கியவர் அவர் வீட்டு விசேடத்தில் திருப்பிச் செய்வார். உறவு வளர அது நல்ல வழக்கமே. ஆனால் மொய் எழுதியவர், சாப்பாட்டின் சுவையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். கையொப்பமோ வேறு. “இந்நூல் எனக்கு வேண்டும், இதன் விலையை நான் தருகிறேன்” என்று, நூல் வெளிவருமுன்பே, முகமறியாத ஒருவர் தம் பெயரை எழுதிக் கொடுப்பது அது. முன்னது ஆசிரியனைப் பார்த்துக் கொடுப்பது. பின்னது நூலைப் பார்த்துக் கொடுப்பது.

கையொப்பக் காலம்

அச்சு வருமுன் புலவர் பாடினார், வள்ளல் கொடுத்தார். ஓலையிலே ஒரு நூலைப் பெயர்த்தெழுத எத்தனை நாள் உழைப்பு வேண்டுமோ, அடுத்த படிக்கும் அத்தனை நாள் வேண்டும். ஆதலால், படிப்போர் பலராவதால் புலவருக்கு ஊதியம் பெருகவில்லை. ஒரு வள்ளலின் மனம் நெகிழ்ந்தாற் போதும். அச்சு இக்கணக்கைத் தலைகீழாக்கிற்று. எழுத்துக் கோத்து முடிந்தபின், நூறு படிக்கும் ஐந்நூறு படிக்கும் வேறுபாடு பெரும்பாலும் காகிதமும் மையும் கட்டுக்கூலியுமே. எனவே ஒரு ஜமீன்தாரின் ஆயிரம் ரூபாயைவிட, ஆயிரம் பேரின் ஒவ்வொரு ரூபாய் நிலையான முதலாயிற்று. அதனின்றும் பிறந்ததே கையொப்ப முறை. இன்ன நூல், இன்ன விலை என அறிக்கை விடுப்பார். விரும்புவோர் கையொப்பமிட்டு அனுப்புவர். அந்தப் பட்டியலை நம்பி அச்சு வேலை நடைபெறும்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டதும் இவ்வாறு கையொப்பம் சேர்த்தே. செல்வர் உதவியும் அவருக்கு உண்டு. ஆயினும் ஊர் ஊராய்ச் சேர்ந்த கையொப்பங்களே அப்பெரும் பணிக்கு முட்டுக் கொடுத்தன. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்று முழுமையாக நம் கைக்கு வந்தது, கல்லூரிச் சம்பளக்காரர் ஒருவர் கணக்கு நோட்டும் கையுமாய் அலைந்ததால் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

அதே 1887-ஆம் ஆண்டில் நமது சிங்கப்பூரில் நடந்ததையும் நோக்குவோம். சி. கு. மகுதூம் சாயபு என்பார் “சிங்கை நேசன்” என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அவருக்கிருந்த அச்சகத்தின் பெயர் தீனோதய வேந்திரசாலை. அதே ஆண்டில், அதே அச்சகத்தில், யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் இயற்றிய “சிங்கைநகரந்தாதி” அச்சேறிற்று. இதற்கு முன்னரே, 1875-இல் “சிங்கை வர்த்தமானி” தோன்றியிருந்தது. துறைமுகத்து வணிகரும் கூலிகளும் வந்திறங்கிய இவ்வூரில், தமிழ் எழுத்தானது அரசர் ஆதரவையோ மடத்து மானியத்தையோ கண்டதில்லை. சந்தா கட்டிய கடைக்காரரும், தாமே அச்சுப்பொறி வைத்த ஆசிரியருமே அதனைத் தாங்கினர். “சிங்கை நேசன்” 1890 வரையில் நடந்தது. ஆயுள் குறைவே எனினும், இவ்வூர் எழுத்துக்குத் தாய்வீடு சொந்த அச்சகம் என்பதை அது நாட்டிச் சென்றது.

நாவல் நடந்த வழி

இனி நாவலுக்கு வருவோம். தமிழின் முதல் நாவலாகிய “பிரதாப முதலியார் சரித்திரம்” 1879-இல் வந்தது. எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. எழுத்தால் வயிறு வளர்க்க வேண்டாதவர். இலங்கையிலே 1885-இல் “அசன்பே சரித்திரம்” எழுதிய சித்தி லெப்பை கண்டியில் வழக்கறிஞர். 1882-இல் “முஸ்லிம் நேசன்” என்னும் பத்திரிகையைத் தாமே தோற்றுவித்தவர். உத்தியோகமோ பத்திரிகையோ முதுகைத் தாங்க, நாவல் பின்னே நடந்தது.

“பத்மாவதி சரித்திரம்” எழுதிய அ. மாதவையாவின் வரலாறு இன்னும் கூர்மையானது. உப்புத் துறையில் உத்தியோகம் பார்த்தவர், காலம் முடியுமுன்பே ஓய்வு பெற்று, சொந்த அச்சகம் நிறுவினார். 1924-இல் “பஞ்சாமிர்தம்” என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். குழந்தை மணத்தையும் விதவையர் துயரையும் பற்றித் தாம் எழுத விரும்பியதை எவருடைய அனுமதியுமின்றி எழுதினார். 1925-இல் அவர் திடீரென இறந்தார், பத்திரிகையும் நின்றது. ஒருவர் தோளில் மட்டும் நிற்கும் பிரசுரம் அவர் சாய்ந்தால் தானும் சாயும் என்பது இதன் மற்றொரு பாடம்.

மாதவையா மறைந்த அதே 1925-இல்தான், பள்ளிக்கூடம் சென்று படித்தறியாத ஒரு பெண்மணி, நலிந்து கிடந்த “ஜகன்மோகினி” என்னும் பத்திரிகையைத் தம் கையில் எடுத்தார். அவரே வை. மு. கோதைநாயகி அம்மாள். ஐந்து வயதிலேயே மணம் முடிக்கப்பெற்றவர். தம் முதற் கதையைத் தாம் சொல்லத் தோழி எழுதியவர். “வைதேகி” என்னும் நாவலை அவர் மாதந்தோறும் “ஜகன்மோகினி”யில் வெளியிட்டார். பின்னர் அடுத்த நாவல். அதன் பின்னர் அடுத்தது. சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளில் 115 நாவல்கள். சொந்த அச்சகமும் அமைத்துக்கொண்டார்.

அவர் கையாண்ட முறையை ஈண்டுச் சற்றே நின்று நோக்குதல் தகும். பத்திரிகையே அவருக்கு விளம்பரம், பத்திரிகையே கடை. இம்மாதம் கதை பாதியில் நிற்கும். அடுத்த மாதம் வாசகி தானாகவே தேடி வருவாள். ஆண்டுச் சந்தா வந்து சேர்ந்துவிடுவதால், அச்சிடும் பணத்திற்குக் கடன்படவேண்டுவதில்லை. எத்தனை பேர் படிக்கிறார் என்பது முன்னரே தெரிவதால், எத்தனை படி அச்சிடுவது என்னும் குழப்பமுமில்லை. கதை பிடிக்காவிடில் சந்தா குறையும்; அதுவே விமர்சனம். அந்நாவல்களின் இலக்கியத் தரத்தைப் பற்றி விமர்சகர் பலர் உதட்டைப் பிதுக்கியதுண்டு. அது வேறு வழக்கு. வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்டிர் ஆயிரக்கணக்கில் தம் பெயரைச் சந்தாப் பட்டியலில் எழுதிக்கொண்டார்களே, அதற்கு நிகரான சீர்திருத்தம் யாது?

இதற்கு நேர்மாறான ஒரு துயரத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1920-இல் கடையத்திலிருந்து சுப்பிரமணிய பாரதியார் நண்பர்களுக்கு ஓர் அச்சிட்ட சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்தனைத்தையும் 40 நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படி அச்சிடுவதென்பது திட்டம். கூட்டினால் நான்கு லட்சம் படிகள். அதற்கு நூறு ரூபாயும் அதற்கு மேலும் கடனாகத் தருமாறு கேட்டார்; மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி தருவதாகவும் எழுதினார். இலவசம் கேட்கவில்லை, யாசகம் கேட்கவில்லை, முத்திரைத்தாளில் எழுதித் தரவும் ஆயத்தமாயிருந்தார். பணம் வரவில்லை. மறுவருடம் அவரே இல்லை. சிலர் இதனைக் கவிஞரின் பகற்கனவென்பர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அவர் படித்தவர் தொகையைத் தப்புக் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் மலிவு விலை, பெருந்தொகைப் பதிப்பு, பரந்த விளம்பரம் என்னும் மூன்றையும் சரியாகவே கண்டார். பிழை ஒன்றே: முதலை வாசகரிடம் கேளாமல் நண்பரிடம் கேட்க நேர்ந்தது. வாசகரை எட்டும் பத்திரிகை அப்போது அவர் கையில் இல்லை.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம், வெள்ளைக்காரர் தேசத்தில் இவ்வில்லங்கங்கள் இருந்திரா என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மை வேறு. ஜேன் ஆஸ்டின் தம் முதல் நாவலை 1811-இல், நஷ்டம் வந்தால் தாமே ஏற்பதென்னும் உடன்பாட்டின்பேரில் வெளியிட்டார். முதற் பதிப்பு முழுதும் விற்று லாபமும் கண்டார். டிக்கன்ஸ் 1843-இல் தம் கிறிஸ்துமஸ் கதையைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். வண்ணப் படங்கள், பொன் விளிம்பு, அழகிய கட்டு. ஐந்து ஷில்லிங் விலையில் 6,000 படிகள் சில நாட்களில் தீர்ந்தன. ஆயினும், ஆயிரம் பவுன் எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது மிகச் சொற்பமே. அலங்காரம் லாபத்தைத் தின்றுவிட்டது. கெட்டி அட்டையும் பளபளப்புத் தாளும் கேட்டு அச்சகத்தாரை வற்புறுத்தும் நம்மவர் இதனைக் குறித்துக்கொள்க.

மலாயா மண்ணில்

மலாயாவில் தமிழ் நாவல் 1917-இல் க. வெங்கடரத்தினம் எழுதிய “கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி”யோடு தொடங்குகிறது. அதன் பின்னர்ப் பத்திரிகைகள் பெருகின. கோலாலம்பூரில் “தமிழ் நேசன்” 1924-இல் தோன்றி 2019 வரை நடந்தது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் “தமிழ் முரசு” தொடங்கினார். சீர்திருத்தக் கருத்தோடு, தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைப்பவனையும் எழுதச் சொன்ன ஏடு அது. எழுதுகிறவன் வளர்ந்தான். ஆயினும் பத்திரிகைக் கதையைக் காசு கொடுத்து நூலாக வாங்கும் பழக்கம் அதே வேகத்தில் வளரவில்லை.

காத்திருப்பதன் விலை என்ன என்பதற்குப் ப. சிங்காரம் சாட்சி. மேடானிலும் பினாங்கிலும் யுத்த காலத்தைக் கண்ட அவர், “புயலிலே ஒரு தோணி”யை 1962 வாக்கில் எழுதி முடித்தார். அது அச்சேறியது 1972-இல். தென்கிழக்காசியத் தமிழர் வாழ்வைச் சொல்லும் தலைசிறந்த நாவல் பத்தாண்டுகள் பெட்டிக்குள் உறங்கிற்று! அதன்பின் அவர் நாவல் எழுதவுமில்லை. பிரசுரகர்த்தரின் வாயிலில் காத்து நிற்பதே கௌரவம், சொந்தமாய் வெளியிடுவது இழுக்கு என்று பேசுவோருக்கு இந்தப் பத்தாண்டே விடை.

சிங்கப்பூர் சுதந்திர நாடானபின் நிலைமை மாறிற்று. மா. இளங்கண்ணன் போன்ற நாவலாசிரியர் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதும் (1982), கலாசாரப் பதக்கமும் (2005) பெற்றனர். அரசாங்கம் வெளியீட்டுக்கு மானியம் தருகிறது. நூல் வெளிவந்தால் இரு படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கவேண்டுமென்பது சட்டம். எனவே எந்நூலும் அடியோடு அழிந்து போவதில்லை. இவையனைத்தும் நன்மையே. ஆனால் மானியமும் ஒருவகை மொய்யே என்பதை மறத்தலாகாது. அச்சகத்தார் கணக்கை அது தீர்க்கும். கட்டிலுக்கடியிலுள்ள பெட்டியை அது திறவாது.

மின்னூல் வந்தது

மின்னூலைப் பற்றிப் பேசுகையில் நாம் சற்றே தலை நிமிர்ந்து பேசலாம். இணையத்தில் தமிழ் ஏறியதற்கு வித்திட்டோருள் ஒருவர் இவ்வூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழியிலும் இணையத்தில் வெளியானபோது தமிழும் அதிலிருந்தது. 1997-இல் தமிழ் இணையம் குறித்த முதல் மாநாடு சிங்கப்பூரில் கூடிற்று. அதற்கும் முன்பே மலேசியாவில் முத்து நெடுமாறன் “முரசு” எழுத்துருவை அமைத்திருந்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாய் இணையத்தில் இட்டது. 2015-இல், நாடு பொன்விழாக் கொண்டாடியபோது, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் சுமார் 350 மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலகத்தில் சேர்ந்தன. 2016-இல் அமேசானின் கிண்டில் தமிழ் நூல்களை ஏற்றது. இன்று எவரும் தம் நாவலைத் தாமே அதிலேற்றி விலை குறிக்கலாம். திட்டத்திற்கேற்ப விலையில் நூற்றுக்கு 35 அல்லது 70 பங்கு ஆசிரியருக்கு.

கிராணிக் கணக்காகப் பார்த்தால் இதன் வரவு பெரிது. அச்சுக்கூலியில்லை, சென்னையிலிருந்து கப்பற்கூலியில்லை, பெட்டியுமில்லை, கரையானுமில்லை. புத்தகக் கடையே இல்லாத தோட்டத்திலும் எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. செலவுப் பக்கத்தையும் எழுதுவோம். ஒரு கோப்பைத் திருடி ஆயிரம் பேருக்கு அனுப்ப ஒரு விரல் போதும். அவ்வாறு அனுப்புவோர் தம்மைத் தமிழ்த் தொண்டர் என்றே கருதிக்கொள்ளுகின்றனர். அயலூர்க் கடையில் யார் வாங்கினார் என்பது ஆசிரியருக்குத் தெரிவதுமில்லை. பல்லாயிரம் நூல்களுக்கிடையே ஒரு நூல் கடலிற் கரைத்த பெருங்காயம். ஆகவே மின்னூல் பெட்டியை ஒழித்தது. வாசகரைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. அச்சுக்கு முன்னிருந்த வேலை அப்படியே நிற்கிறது. கையொப்பம் வாங்கும் வேலை அது.

அதனை இன்று எவ்வாறு செய்வது? கோதைநாயகி அம்மாள் காட்டிய வழியே போதும். நாவல் முழுதும் முடிந்தபின் விழாவெடுப்பதை விட்டு, அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடுக. பத்திரிகை இடம் தராவிடில் தொலைபேசி வழியே அனுப்புக. தொடர்ந்து கேட்போர் பெயரை ஏட்டில் எழுதுக. நூறு பெயர் சேர்ந்தபின் விலை கூறி முன்பணம் பெறுக. பெற்ற தொகைக்கேற்ப அச்சிடுக. இக்காலப் பொறிகள் ஐம்பது படியும் அச்சிட்டுத் தரும். ஐந்நூறு வேண்டுமென்பது பழைய அச்சகக் கணக்கு. தொலைபேசியில் படிப்பவருக்கு மின்னூல், கண் மங்கிய பெரியவருக்குப் பெரிய எழுத்தில் அச்சு நூல் என இரண்டையும் வைத்துக்கொள்க. விழா வேண்டுமாயின், பிரமுகரை மேடையேற்றாமல், நூலைப் படித்த ஒருவரை மேடையேற்றி, குறை நிறைகளைக் கூறச் சொல்க. அன்பளிப்பாக மட்டும் கொடாதீர்! இலவசமாய் வந்த நூல் இலவசமாகவே அலமாரியில் உறங்கும்.

பத்துப் படிகள்

பிறருக்குப் புத்தி சொல்பவர் தாமும் செய்து பார்க்கவேண்டுமன்றோ? மாமனின் பெட்டியிலிருந்து பத்துப் படிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்றோம். முன்பணமாக இரண்டு ரிங்கிட் கொடுத்துப் பெயரெழுதுவோருக்கே நூல். படித்து முடித்தபின் மீதி. பிடிக்காவிடில் நூலைத் திருப்பித் தந்து பணத்தைப் பெறலாம் என்று அறிவித்தோம். சம்பள நாளன்று ஏழு பேர் பெயரெழுதினர். அடுத்த சம்பளத்திற்குள் இருவர் திருப்பித் தந்தனர். நால்வர் மீதியும் கட்டினர். ஏழாமவர் எழுபது வயதைத் தாண்டிய கிழவர். ரப்பர்க் காலத்தில் பால்மரம் சீவியவர். அவர் பணமும் கட்டி, ஒரு சண்டையும் கொண்டுவந்தார். மூன்றாம் அத்தியாயத்தில், விடிய விடிய மழை பெய்த காலையில் கதாநாயகி மரம் சீவப் போகிறாளாம். “நனைந்த மரத்தை எவளாவது சீவுவாளா? பால் கோட்டில் நிற்குமா, மழைத் தண்ணியோடு ஓடுமா? எழுதினவரைக் கேட்டுச் சொல்லுங்க, கிராணி ஐயா” என்றார்.

ஜூரோங் என்பதும் ஒரு காலத்தில் ரப்பர்க் காடும் சதுப்புமாய் இருந்த நிலமே. 1961-க்குப் பின்னரே அங்கே தொழிற்சாலைகள் எழும்பின. ஆனால் மாமன் பட்டறையைக் கண்டவரேயன்றிப் பால்மரத்தைக் கண்டவரல்லர். அடுத்த ஞாயிறன்று அவரிடம் சென்று கிழவரின் குற்றச்சாட்டை அப்படியே ஒப்புவித்தோம். சினங்கொள்வாரென்று அஞ்சினோம். அவரோ எழுந்துபோய், விழாவில் வாங்கியவர் பெயரெல்லாம் எழுதிய நோட்டை எடுத்துவந்தார். அதில் பின்பக்கம் திருப்பி, வெற்றுத் தாளின் தலையில், கிழவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

“அடுத்த பதிப்பில மழையை எடுத்துடலாம், தம்பி,” என்றார்.